அப்ஸ்காண்டட்

சத்துவாச்சாரி கோர்ட்டில்
சாட்சி சொல்வதைத் தட்டச்சு செய்கிறவள் நான்.
சாட்சி பேசுவது தமிழ்,
ஐயா எனக்குச் சொல்வது இங்கிலீஷ்.
நடுவில் சிந்துவதை
வீட்டுக்குப் பொறுக்கிக்கொண்டு போகிறேன்.

நான்காம் சாட்சி ரேணுகாம்பாள், குடியாத்தம்,
லுங்கித் தறி.
"நாப்பத்திரண்டு பேரு சீட்டுப் பணத்த வாரிகினு
கம்பி நீட்டிட்டான் சாமி."
அப்ஸ்காண்டட், என்றார் ஐயா.
"போன் போட்டா டிமிக்கி குடுத்தான்."
அப்ஸ்காண்டட்.
"ஊட்டாண்ட போனா
துண்டக் காணோம் துணியக் காணோம்னு
பின்பக்கமா ஓடிப் பூட்டான்."
ஐயா மின்விசிறியைப் பார்த்தார்.
அதே, என்றார்.

எந்தக் கம்பி? யார் நீட்டியது?
தயிர்சாத டப்பாவைத் திறந்தபடி
டவாலியைக் கேட்டேன்.
நீட்டினா தப்பிச்சவன்,
எண்ணினா தொரப்பாடியில இருக்கிறவன்,
அவ்ளோதாம்மா தெரியும்.

டிராயரில் அட்டை கிழிந்த ஓர் அகராதி இருக்கிறது.
இங்கிலீஷிலும் யாரும் சும்மா ஓடியதில்லை.
நங்கூரத்தை இழுக்க நேரமில்லாத கப்பல்
கயிற்றை வெட்டிவிட்டு ஓடியிருக்கிறது.
(நம் பாலாற்றில் நங்கூரம் போட்டால்
மணல் லாரிதான் அள்ளிக்கொண்டு போகும்.)
சொல்லாமல் நழுவினால் பிரெஞ்சு விடுப்பு.
பிரெஞ்சுக்காரனோ அதையே
இங்கிலீஷ்காரன் வழக்கம் என்கிறானாம்.
ஓடுகிறவன் எப்போதும் பக்கத்து ஊர்க்காரன்.
ஆம்பூரில் கேட்டால் வாணியம்பாடியைக் காட்டுவார்கள்.

குதிகாலை மட்டும் இரண்டு பாஷையும் விடவில்லை.
அங்கே ஓடுகிறவன் அதனிடம் சரணடைகிறான்.
இங்கே அது அவன் பிடரியிலேயே அடிக்கிறது.

அடுத்த வாய்தாவில்
முனிரத்தினத்தைக் கூண்டில் ஏற்றினார்கள்.
சட்டையில் ஒரு பட்டன் மாறிப் போட்டிருந்தது.

"ஓடலைங்க ஐயா.
காட்பாடி ஸ்டேஷனுக்குப் போனேன்.
ஜோலார்பேட்ட பக்கம் ஒண்ணு, திருப்பதி பக்கம் ஒண்ணு,
மெட்ராசு, விழுப்புரம்,
வண்டி வந்துகினே இருந்துது.
எதுல ஏறினாலும் எறங்கணுமேன்னு இருந்துச்சு.
மூணு நாளு அங்கியே குந்திகினு இருந்தேன்,
தலையில துண்டப் போட்டுகினு."

பணம்?

"அது எனக்கு முன்னாடியே பூட்ச்சுங்க."

தலைமறைவு.
பதினோரு வருஷமாக அடிக்கிற சொல்.
தலையை மட்டும்தான் மறைக்கச் சொல்கிறது,
காலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை என்று
அன்றைக்குத்தான் கவனித்தேன்.

பின்வரிசை பெஞ்சிலிருந்து ரேணுகாம்பாள் எழுந்துவிட்டாள்.
"ரெண்டாம் பிளாட்பாரமா?
பச்சத் துண்டா?
அடப்பாவி,
ஒம் போட்டோவ ஒங்கிட்டயே காட்டி
இவனப் பாத்தியான்னு கேட்டேனே!
இல்லம்மான்னு சொன்னியே!"

முனிரத்தினம் தலையைக் குனிந்தான்.
மறைக்கத் துண்டு இல்லை,
காவலர் வாங்கி வைத்திருந்தார்.

சைலன்ஸ், என்றார் ஐயா.
பிறகு என் பக்கம் திரும்பி, வழக்கமான அந்த ஒரு வார்த்தை.
அடித்தேன்.
பச்சைத் துண்டை
அதில் எங்கே வைப்பது என்று தெரியவில்லை.