முதுகுக்குக் கட்டம் இல்லை

செவ்வாய் இரவு, யீஷூன், கூரை போட்ட ஆட்டக்களம்.
மழை பக்கவாட்டில் வந்து
என் தாளின் ஓரத்தை நனைக்கிறது.
நான் ஆடுவதில்லை. எழுதுகிறேன்.
பெயருக்கு ஒரு வரி, செயலுக்கு ஒரு கட்டம்:
புள்ளி, பாஸ், பறிப்பு, தவறு, ரீபவுண்டு.
பகலில் கப்பல் கம்பெனியின் கணக்குப் பிரிவு,
இரவிலும் கோடு போட்ட தாள்தான்.

ஜுன் ஹாவ் பதினான்கு.
நாலு கோடு, குறுக்கே ஒன்று,
மறுபடி நாலு, குறுக்கே ஒன்று,
மிச்சம் நாலு.
வளையத்தில் பட்டுத் திரும்புகிற பந்துக்கு
அவன் கை முன்கூட்டியே காத்திருக்கிறது.
பிடித்தபின்னும் ஒரு கணம்
கூடுதலாகவே காற்றில் நிற்பான்,
யாராவது படமெடுக்கட்டும் என்பதுபோல்.

குணாளன் இரண்டு.
அதில் ஒன்று தானாக உருண்டு வந்தது.

மூன்று வாரம் இப்படித்தான் எழுதினேன்.
நான்காம் வாரம் பேனா கீழே விழுந்தது.
குனிந்து தேடும்போதே யாரோ ஷாட் போட்டார்கள்.
மேசைக்கடியில் இருப்பவளுக்குப் பந்து தெரியாது,
கால்கள் தெரியும்.
குணாளனின் காலணி பின்னோக்கி நகர்ந்தது,
அரை அடி, இன்னும் அரை அடி,
எதிரணியின் பெரிய ரஸ்லானை
முதுகால் தள்ளிக்கொண்டு கோட்டுக்கு வெளியே.
நாலு காலில் ஒன்றுகூடத் தரையை விடவில்லை.
அப்புறம் மேலே எங்கோ ஒரு கைதட்டல்.
யார் பிடித்தது என்று கேட்டேன்.
ஜுன் ஹாவ், என்றார்கள்.
கோடு போட்டேன்.

பள்ளியில் தோன்றா எழுவாய் படித்தோம்.
'வந்தேன்' என்றால் போதும்,
'நான்' அதற்குள்ளேயே ஒளிந்திருக்கும்,
கண்டுபிடித்து எழுதினால் ஒரு மதிப்பெண்.
'பிடித்தான்' என்ற வினைக்குள்
எத்தனை பேர் இருக்கலாம் என்று
அன்றைக்கு நான் கேட்கவில்லை.

குணாளனுக்குத் துவாஸ் துறைமுகத்தில் வேலை.
கப்பலில் அடுக்கிய கொள்கலன்களைக்
கம்பியால் கட்டி இறுக்குவது.
ஷிஃப்ட் மாறி அவன் வராத வாரம்
ஜுன் ஹாவ் பதினைந்து.
வழக்கத்தைவிட ஒன்று அதிகம்.
ஆனால் ரஸ்லான், தான் தவறவிட்டதைத் தானே எடுத்து,
மறுபடி போட்டு, மறுபடி தவறவிட்டு, மறுபடி எடுத்து...
ஒன்பது புள்ளியில் தோற்றோம்.

நிரூபணமா? இல்லை.
இன்னொரு வாரமும் அவன் வரவில்லை,
இருபது புள்ளியில் ஜெயித்தோம்.
அன்றைக்கு ரஸ்லானுக்குக் காய்ச்சல்.
இரண்டு ஆட்டம் வைத்துத் தீர்ப்பு எழுதினால்
என் அலுவலகத்தில் சிரிப்பார்கள்.
ஜுன் ஹாவைக் குறைசொல்லவும் மனமில்லை,
காலியான இடத்தில் விழுகிற பந்தையும்
ஒருவன் எம்பித்தான் எடுக்கவேண்டும்.
அந்த எம்பல் குணாளனுக்கு வராது.
முட்டி போய்விட்டது.

பருவ முடிவில் மொத்தம் கேட்டார்கள், கொடுத்தேன்.
கோப்பை யாருக்கென்று சொல்லத் தேவையில்லை.
என் கூட்டலில் பிழை இல்லை.
பிழை இருந்திருந்தால் தூங்கியிருப்பேன்.

பேருந்து நிறுத்தத்தில் குணாளன்
சட்டையைத் தூக்கி மருந்து அடித்துக்கொண்டிருந்தான்.
ரஸ்லானின் முழங்கை விட்ட ஊதா,
முதுகெலும்புக்கு இரண்டு பக்கமும்.
"எனக்கு இன்னைக்கு எத்தனைக்கா?"
"ரெண்டு."
"பரவால்ல, குறையலை."
ஒரு இரவுக்கு எத்தனை பெட்டி கட்டுவாய் என்றேன்.
"தெரியலைக்கா. விழாத பெட்டியை யார் எண்ணுறா?"
பேருந்து வந்தது. அட்டையைத் தட்டி ஏறிவிட்டான்.

புதுப் பருவம். அதே தாள், அதே கட்டங்கள்.
இப்போது நான் வளையத்தைப் பார்ப்பதற்கு முன்
கால்களைப் பார்க்கிறேன்.
சில பந்து நழுவிவிடுகிறது,
பக்கத்தில் இருப்பவரைக் கேட்டு எழுதுகிறேன்.
குணாளன் பெயருக்கு நேரே, கட்டத்துக்கு வெளியே,
பென்சிலால் ஒரு புள்ளி. இன்னொன்று.
மூன்றாம் கால் பகுதிக்குள் ஒன்பது.

தண்ணீர் குடிக்க வந்த ஜுன் ஹாவ் எட்டிப் பார்த்தான்.
"இது என்னக்கா, ஓரத்துல?"
"மழை," என்றேன்.