பதினோராவது துளை

அரிசோனாவில் அக்டோபர் என்றாலும் வெயில்தான்.
டயர் கிடங்கில் இரவு வேலை முடித்து
படுக்காமலே கிளம்பிவிட்டோம் நாலு பேர்.
ஆஸ்வால்டோவின் டிரக்கில்
துப்பாக்கிப் பெட்டிகளுக்கு நடுவே
லொரிண்டா அவித்துக் கொண்டுவந்த தமாலே.
சூடு போகாதிருக்க
கிளீவின் கம்பளிச் சட்டை அதைச் சுற்றி.

இவ்வளவு பெரிது என்று யாரும் சொல்லவில்லை.
கண்ணுக்கு எட்டியவரை ஒரே தகரக் கூரை.
அதன் நிழலில் இருநூறு சிமெண்ட் மேசைகள்.
எதிரே, மலையைச் சுரண்டிக் குவித்த மண்கரை.
கரையோரம் நின்ற சகுவாரோக்களைக் காட்டி,
"பார், கை தூக்கிச் சரணடைந்துவிட்டன" என்றான் கிளீவ்.
இங்கே வருகிற எல்லாரும் இதைச் சொல்வார்கள்போல.
பக்கத்து மேசைக்காரர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

சிவப்பு மேலங்கி போட்ட ஹாஸ்கெட் அம்மாள்
ஒலிபெருக்கியில் அறிவிக்கிறாள்:
"தளம் குளிர்ந்தது."
கைகளை எடு, மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் போ
என்று அதற்குப் பொருள்.
சட்டை முதுகோடு ஒட்டியிருக்க
இருநூறு பேர் குளிர்ந்து நின்றோம்.

பிறகு தளம் சூடானது.
பத்துத் தோட்டாக்களை
மாத்திரைகள்போல் வரிசையாக அடுக்கிவைத்தேன்.
எண்ணினேன். திரும்ப எண்ணினேன். பத்துதான்.
முதல் வெடிக்குத் தோள் அதிர்ந்தது,
இரண்டாவதற்குக் காத்திருந்தது,
மூன்றாவதிலிருந்து அது என் தோளே இல்லை.
கிளீவின் காலருக்குள் சுடச்சுட ஒரு தோட்டா ஓடு விழ,
துப்பாக்கியைப் பதறாமல் கீழே வைத்துவிட்டு
ஆடினான் பார் ஒரு ஆட்டம்.

ஆறாவதுக்கும் ஏழாவதுக்கும் இடையில்
அடுத்த மேசையிலிருந்து லொரிண்டா
என் பக்கம் திரும்பி ஏதோ சொன்னாள்.
நீளமான வாக்கியம்.
நடுவில் ஒருமுறை நிறுத்தி, உதட்டைக் கடித்து, தொடர்ந்தாள்.
காதுமூடி போட்டிருந்தேன்.
சுற்றிலும் இருநூறு துப்பாக்கிகள்.
சிரித்து, கட்டைவிரலை உயர்த்திக் காட்டினேன்.
அந்த விரலையே சற்று நேரம் பார்த்தாள்.
பிறகு தன் துப்பாக்கிக்குத் திரும்பினாள்.

மறுபடி தளம் குளிர்ந்தது.
தேர்வு முடிவு ஒட்டிய பலகையை நோக்கிப் போவதுபோல்
எல்லாரும் அவரவர் காகிதத்தை நோக்கி நடந்தோம்,
ஓடாமல், ஆனால் நடையும் அல்லாமல்.

என் காகிதத்தில் பதினொரு துளைகள்.

கிளீவ் எண்ணினான். பதினொன்று.
ஆஸ்வால்டோ ஒவ்வொன்றிலும் சுண்டுவிரல் நுனியை வைத்துப் பார்த்தான். பதினொன்று.
ஓரங்களில் சிதறிக் கிடந்தவை பத்து.
கருவட்டத்தின் நட்டநடுவே ஒன்று,
ஊசியால் குத்தியதுபோல் சுத்தமாக.
லொரிண்டாவின் தாளில் ஒன்பது.
"என்னுடையது மண்ணுக்குள் போயிருக்கும்" என்றாள்.
"வந்ததை வைத்துக்கொள் நோரீன்,
கணக்குக் கேட்க யார் வரப்போகிறார்கள்" என்றான் கிளீவ்.

தமாலே சாப்பிடும்போது கேட்டேன்:
அப்போது என்னவோ சொன்னாயே?
சோள மடலைப் பிரித்தபடி
"ஆறிப்போகுது, சீக்கிரம் முடி என்றேன்" என்றாள்.
அத்தனை நீளமா, ஆறிப்போவதற்கு?
ஆஸ்வால்டோ மிளகாய்ச் சாறு கேட்டான்.
எடுத்துக் கொடுத்தேன்.

புதன்கிழமை தோளில் நீலம் மஞ்சளாகிவிட்டது.
ஜனவரியில் லொரிண்டா டுலூத் போய்விட்டாள்,
பனி முழங்காலளவு கிடக்கும் ஊர்.
ஏன் என்று கிளீவுக்குத் தெரிந்திருந்தது,
ஆஸ்வால்டோவுக்கும்.
எனக்கு ஏற்கெனவே சொல்லியாயிற்று
என்றே நினைத்திருந்தார்கள் இருவரும்.

காகிதம் என் குளிர்சாதனப் பெட்டிக் கதவில்.
வருகிறவர்கள் நடுவில் இருப்பதைத் தொட்டு,
"நீயா?" என்கிறார்கள்.
ஆமாம் என்கிறேன் சில நாள்.
இருக்கலாம்தானே.
பத்து என்னுடையவை.
எந்தப் பத்து என்று
எந்தத் துளையும் சொல்வதில்லை.