இரண்டே மிதி

பாகான் செராய் எண்ணெய் நிலையத்தில்
சிவப்பாக வந்து நின்றது காடி.
"மூக்கைக் கெடுத்துட்டானுங்க, கெளுத்தி மாதிரி."
"பின்பக்கம் பரவால்ல."
ஜெகதாசன் கண்ணாடியில் கை குவித்து
உள்ளே பார்த்தான்.
"கிளட்ச்சே இல்லடா!
இதுக்குத் தோட்டத்து டிராக்டரே மேல்."
சிரித்தோம். நான்
என் பழைய வண்டியின் ஐந்து கியரையும்
உள்ளங்கையில் உருட்டிக்கொண்டே சிரித்தேன்.

வண்டிக்காரர் ஈப்போ ஆள், தாராள மனசு.
"யாராச்சும் ஒரு ரவுண்டு?"
ஒருவரும் நகரவில்லை.

செம்பனைக் குலை விழுந்த நாளிலிருந்து
இடது முழங்காலுக்குக் கீழே ஒன்றுமில்லாத புனிதன்
ஊன்றுகோலை என்னிடம் நீட்டினான்.
"பிடி."

தண்டவாளம் தாண்டி
ஆலை தாண்டி
சத்தம் போயிற்று.

இன்னும் திரும்பவில்லை.
ஈப்போக்காரர் மணி பார்க்கிறார்.
என் இடது கால்
வெறும் சிமெண்டுத் தரையை
மிதித்து மிதித்து விடுகிறது.