தகப்பன் என்ற கட்டம்

ஓட்லைவின் மந்தைப் பதிவேட்டில்
எந்தப் பக்கத்தைப் புரட்டினாலும்
விரல் கடைசியில் அந்தக் கிடாவிடம்தான் போய் நிற்கிறது.
குரோக்கெ. அவர்கள் மொழியில் காக்கை.
தாய்வழியில் ஏறினாலும் அது,
தந்தைவழியில் ஏறினாலும் அது.

இரண்டு நான்காகி, நான்கு எட்டாகி
விரிய வேண்டும் முன்னோர் வரிசை.
இங்கே கிணற்றை எட்டிப் பார்ப்பதுபோல்
போகப் போக ஒடுங்குகிறது வட்டம்.
அடியில் ஒரே முகம்.

"சொந்தத்துக்குள்ளேயே கொடுத்து வாங்கினோம்,
என்ன கெட்டுப்போயிற்று?" என்றார் ஓட்லைவ்.

கொட்டகை மூலையில்
கீழ்த்தாடை உள்வாங்கிய குட்டியொன்று
காம்பைக் கவ்வுவதும் நழுவவிடுவதுமாக இருந்தது.
முப்பத்து நான்கு ஆடுகள்.
அந்த வசந்தத்தில் ஒன்பது சினை பிடிக்கவில்லை.

டிசம்பரில் படகேறி
மாப்பிள்ளையைக் கொண்டுவந்தேன்.
முழங்கால் உயரத்தில் ஓர் அலுமினியக் குடுவை,
உள்ளே திரவ நைட்ரஜன் புகைய,
அதற்குள் வைக்கோல் துரும்பு போல நீலக் குழல்.
அலை தூக்கிப்போட்டதில் எனக்கு வாந்தி.
அவருக்கு இருக்கைப் பட்டை மாட்டியிருந்தேன்.
கொம்பில்லை, குளம்பில்லை, செருமலில்லை.
பன்னிரண்டு இலக்க எண் ஒன்று மட்டும்.
மலைநாட்டில் எங்கோ மேய்ந்து
செத்து ஆறு வருடம்.

வெந்நீரில் எட்டு நொடி.
பிறகு விளக்கைப் பிடித்துக்கொண்டு
ஓட்லைவ் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மே மாதம் பிறந்தது.
பதினோரு நிமிடத்தில் நான்கு காலில் நின்றது,
முட்டி முட்டிக் குடித்தது.
இடது விலாவில் காப்பி கொட்டினாற்போல் ஒரு திட்டு.

இனச் சங்கத்து ஹால்டோர்
கண்ணாடியைத் துடைத்து மறுபடி மாட்டிப் பார்த்தார்.
"இது நம் இனமில்லை."
"பாதி இல்லை" என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.
உப்பும் பனியும் நூறு தலைமுறையாய்ச் சலித்துச் சலித்து
எடுத்த குடல் இது,
கடற்பாசி தின்று குளிர்காலம் தாண்டுகிற குடல்,
இதை ஒரே ஈற்றில் கரைத்துவிடுவாயா என்றார்.
வெளிக்கலப்பு பற்றி இரண்டு மணிநேரம் வகுப்பெடுப்பவள் நான்.
அப்போது குடுவையின் மூடியைத்
திருகிக்கொண்டிருந்தேன்.

ஜனவரி. கடல் வடிந்த வேளை.
நேரம் யாரும் சொல்லாமலே
மந்தை வழுக்குப் பாறைகளில் இறங்கிப் போயிற்று.
விலாவில் திட்டுள்ளது மட்டும்
பாதி வழியில் நின்றது.
பாசியை முகர்ந்தது. தும்மியது.
தாய் திரும்பிப் பார்க்கவில்லை.
நாங்கள் இருவரும் வேலிக்கு இப்பால்
தேர்வு முடிவுக்கு நிற்பவர்களைப்போல் நின்றோம்.

ஒரு நாரை இழுத்தது. மென்றது.
துப்பியதா விழுங்கியதா,
அந்தத் தூரத்தில் தெரியவில்லை.

இருட்டிய பின் ஓட்லைவ் பேனாவை எடுத்தார்.
தகப்பன் என்ற கட்டம்
காக்கை அளவுக்குக் கோடு போட்டது.
பன்னிரண்டு இலக்கம் அதில் அடங்கவில்லை.
கடைசி இரண்டு
தாளின் விளிம்பு தாண்டி மேசைமேல் விழுந்தன.

கட்டைவிரலால் அவற்றைத் தேய்த்தபடி கேட்டார்:
"பேர் ஏதாவது வைத்திருப்பார்களா, அதற்கு?"

விசாரித்துச் சொல்கிறேன் என்றேன்.