நகம் வளரும் வேகம்

ஏப்ரலில் அறுநூற்றுப் பதினேழு விரல்களுக்கு
மை வைத்தேன்.
ஏற்காட்டுக்கு மேலே, கரடியூர்ப் பக்கம்,
ஒன்றாம் வகுப்புப் பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து.
மிளகுக் காம்பு கீறிய விரல்,
காப்பித் தோட்டத்து விரல்,
"நல்லா அழுத்தி வைங்க டீச்சர், போட்டோ எடுக்கணும்"
என்று நீட்டிய விரல்.
ஒருவருக்கு நகமே இல்லை.
அடுத்த விரலைக் கேட்டேன்.
"அதுக்கும் அதே கதைதான்" என்று சிரித்தார்.
எங்கே வைத்தேன் என்று இப்போது ஞாபகமில்லை.

என் விரலில் மை இல்லை. தபால் ஓட்டு.
ஆகவே மே மாதம் முழுக்க
வீட்டில் நான் சந்தேகக் கேஸ்.

குணசீலன் ஒரு கட்சி, என் தம்பி மாதையன் இன்னொன்று.
எதுவென்று சொல்லப் போவதில்லை,
நீங்களும் ஏதோ ஒன்றாக இருப்பீர்கள்.
இருவரும் பேசி இருபத்தோரு நாள்.
மாடியும் கீழுமாக ஒரே வீடு, அம்மாப்பேட்டையில்.
"அக்கா, உன் வீட்டுக்காரர்கிட்ட ஏணி கேளு."
"உன் தம்பிகிட்ட சொல்லு, ஏணி இருந்த இடத்துலதான் இருக்கு."
'மாமா' என்ற சொல்
எந்த டிபேட்டில் தொலைந்ததென்று
யாருக்கும் தெரியவில்லை.
நூற்றி ஐந்து டிகிரி.
ஓவர்ஹெட் டேங்க் தண்ணீரில் அரிசி ஊறப்போட்டால்
பாதி வெந்துவிடும்.

மலர்க் கண்காட்சிக்குப் போனோம், அதே நிலைமையோடு.
இருபது கொண்டை ஊசி வளைவிலும்
பஸ் அவர்களை ஒருவர்மேல் ஒருவர் சாய்த்தது.
ஒவ்வொரு முறையும்
தீப்பட்டதுபோல் நகர்ந்துகொண்டார்கள்.
பதினாலாவது வளைவில் மாதையன் பையன் வாந்தி எடுத்தான்,
நடுநிலையாக, இருவர் வேட்டியிலும்.
ஏரியில் பெடல் படகு.
ஒரே படகென்றால் சேர்ந்து மிதிக்கவேண்டும்,
எனவே இரண்டு டிக்கெட்.
என் பங்குக்கு நான் கரையில் நின்று
செருப்புகளைக் காவல் காத்தேன்.

பிறகு காந்தி ஸ்டேடியத்தில் மேட்ச்.
நித்திலா செட்டர். பதினெட்டு முடிந்து முதல் ஓட்டு.
டேப் சுற்றிய விரல்களுக்கு நடுவே
மை மட்டும் தெரிய ஒரு விரல்.
லைன் பார்க்கவேண்டியவர் வரவில்லை.
"பி.டி. டீச்சர்தானே, நீங்க நில்லுங்க" என்று
கையில் கொடியைத் திணித்துவிட்டார்கள்.
கடைசி செட், பதினாலு பதினாலு.
நித்திலா சட்டென்று இடக்கையால் தள்ளிய பந்து
கோட்டுக்கு வெளியே விழுந்தது.
இரண்டு விரல் அகலம், அவ்வளவுதான்.
கொடியை உயர்த்தினேன்.

அடுத்த பாயிண்ட்டில் தோற்றார்கள்.
அவள் என்னைப் பார்க்கவில்லை.
கேலரியில் இருந்துதான் வந்தது சத்தம்:
"மாமா! உள்ளதானே விழுந்துச்சு?"
"நானும் பார்த்தேன் மாப்ளே, கோட்டு மேலயே!"
"இவளை எவன் அங்க நிறுத்துனது?"
"தபால் ஓட்டு போட்ட ஆளுங்களையே நம்பக்கூடாது மாமா!"

செவ்வாய்ப்பேட்டை முக்கில் மூவரும்
தட்டுவடை செட் சாப்பிட்டார்கள்.
ஒரே தட்டில், காரச் சட்னி கூடுதலாக,
என்னைத் திட்டிக்கொண்டே.
எனக்கு ஒரு செட் பார்சல் வந்தது.
நமத்திருந்தது.

எண்ணும் நாளில் யாரோ ஜெயித்தார்கள்.
மேலே ஒரு வெடி, கீழே டிவி அணைந்தது.
மறுநாள் ஏணி தானாக மாடி ஏறிப் போனது.

பள்ளி திறக்க இரண்டு நாள் இருக்க,
நகவெட்டியோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள் நித்திலா.
மை நகத்தின் நுனிக்கு வந்திருந்தது.
ஒரு 'டக்'.
கறுப்புப் பிறை ஒன்று மொசைக் தரையில்.
யாருக்குப் போட்டாய் என்று நான் கேட்கவில்லை,
அவளும் கேட்கவில்லை.
"நிஜமாவே வெளியிலயா?" என்றாள்.
"ரெண்டு விரல்."
"யார் விரல்?"
அடுத்த நகத்தை வெட்டத் தொடங்கிவிட்டாள்,
பதிலுக்குக் காத்திருக்காமல்.