ஞாயிறு, ஒரு பொட்டலம்

கட்டிலில் இருந்து இறங்கினான். அவ்வளவுதான்.
மரத்தில் ஏறினானா என்று கேட்டார்கள்
ஆசாரிபள்ளம் ஆஸ்பத்திரியில்,
மூன்று பேர், மூன்று தடவை.
இல்லை. முழங்கால் உயரக் கட்டில்.
ஷெர்ஜினின் கை ஒடிந்தது
மரச்சீனிக் கம்பு மாதிரி.

நாலு வருஷமாக மாத்திரை தவறியதில்லை.
காலை ஏழு, ராத்திரி ஏழு.
கடைசி வலிப்பு போய்ப் பதினாலு மாதம்.
எங்கும் எழுதி வைக்கவில்லை, எனக்குத் தெரியும்.

"வெயிலில் விளையாடுவானா?"
எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது.
கிணறு உண்டு டாக்டர், மூடி இல்லை.
தடி ஏற்றின லாரி உண்டு, அடுப்பு உண்டு,
மழை நின்றும் ஓடுகிற வாய்க்கால் உண்டு.
ஒவ்வொன்றுக்கும் பயந்து கதவடைத்தேன்,
வெயில் வெளியே நின்றுபோனது.
போதாததற்குச் சுற்றிலும் ரப்பர் விளை,
நட்டுச்சைக்கும் லைட்டுப் போடுகிற வீடு.

மூளையைக் காக்கிற மருந்துதான்
வைட்டமின் டி-யை ஈரலில் வைத்துக் கரைக்கிறதாம்.
அது குறைந்தால்
குடித்த பாலின் சுண்ணாம்பு எலும்பில் ஏறாதாம்.
"அப்போ மாத்திரையை நிறுத்தட்டா?"
டாக்டர் பேனாவை வைத்துவிட்டார்:
"ஒருநாளும் நீங்களாக நிறுத்தக் கூடாது."
நாலு வருஷத்தில் ஒரு தடவை
ரத்தம் பார்த்திருக்கலாமே என்றேன்.
அதற்கு அவர் ஒன்றும் சொல்லவில்லை.
சீட்டில் எழுதிக்கொண்டிருந்தார்.

பஸ் தக்கலை தாண்டினபிறகு
வில்பிரெட் ஜன்னலிடம் சொன்னார்:
"தெனமும் பால் வெட்டினா மரம் சோரும்.
வெட்டும் நிக்காது. ஒரம் வைக்கணும்."
பிள்ளையைப் போய் மரத்தோடு சேர்க்கிறீரே என்று
மார்த்தாண்டம் வரைக்கும் சண்டை பிடித்தேன்.
எனக்கு விளங்கினதும் அப்போதுதான்.

இப்போது ஞாயிறுதோறும் ஒரு பொட்டலம்,
டாக்டர் சொன்ன கணக்கு வரைக்கும்,
பாலில் கலக்கி. முகம் சுளிப்பான்.
சாளை வாங்கினால் முள்ளெடுத்துக் கொடுக்கிறேன்.

போன வாரம் கிழக்கே நின்ற இரண்டு மரத்தை
வில்பிரெட் முறித்தார்.
பால் வற்றாத மரங்கள். ஒத்தி விளை வேறு.
யாரிடமும் கேட்கவில்லை, என்னிடமும்.

பாய் அளவுக்கு ஒரு வெயில் விழுந்தது முற்றத்தில்.
மாவுக்கட்டுக் கையோடு அதற்குள் நின்றான்.
"இதுக்குள்ளயே நிக்கணுமா அம்மா?"
"கொஞ்ச நேரம் மக்கா."
வெயில் நகர நகர அவனும் நகர்ந்தான்.
பத்தரைக்கு அது கிணற்றங்கரைக்கு வந்தது.

வாய்வரை வந்த பேரை விழுங்கிக்கொண்டேன்.
நடந்து போய்
புது இரும்பு மூடியை மட்டும்
ஒரு தடவை மிதித்துப் பார்த்தேன்.
சுட்டது.