ஏழாவது விசை

ஒலிப்பலகையில் ஏழாவது விசை
சோல்ஃப்ரிடின் பேஸ் கிட்டார்.
"அதை மட்டும் அடக்கியே வையுங்கள்,
அவளுக்குத் தெரியப்போவதில்லை"
காதோடு சொல்லிவிட்டுப் போனார் விழா அமைப்பாளர்.
நல்ல மனிதர். எனக்கும் ஒரு காப்பி வைத்துவிட்டுப் போனார்.
அடக்கினேன்.
கூலிக்கு வந்தவன் நான்.

வெளியே ஹாமர்ஃபெஸ்ட் துறைமுகத்தில்
பிப்ரவரிப் பகல்
மூன்று மணிக்கே கடையைக் கட்டியிருந்தது.

உள்ளே கைதட்டல்.
ஒரு கம்பியைக்கூட யாரும் தொடவில்லை அதற்குள்.
தத்தித் தத்தி எழுந்து நிற்கும் குழந்தைக்குத்
தட்டுவார்களே, அந்தத் தட்டல்.

டோர்கெயர் குச்சிகளை உயர்த்தி
"ஒன்று, இரண்டு, நான்கு" என்றான்.
மூன்று அவன் கணக்கில் கிடையாது.
மற்ற மூவரும் அந்தப் பள்ளத்தை
ஒன்றாகத் தாண்டிக் குதித்தார்கள்.
நான்தான் தடுக்கி விழுந்தேன்.

எய்வின்ட் பாடினான், அவன் எழுதியதை:
என் அறைச் சாவி உன் சட்டைப்பையில்
என் வங்கி அட்டை உன் மேசையறையில்
செவ்வாய் வந்தால் மீன் புட்டிங்
யாரைக் கேட்டு?
யாரைக் கேட்டு?
முன்வரிசையில் விடுதிப் பணியாளர்கள் இருவர்
சிரித்தபடி தலையாட்டினார்கள்.
ஒருத்தி பாதியில் ஆட்டுவதை நிறுத்தினாள்.

இரண்டாவது பாட்டின் நடுவே
சோல்ஃப்ரிட் கையைத் தூக்கினாள்.
எல்லாம் நின்றது.
டோர்கெயர் மட்டும் இன்னும் நாலு தட்டு தட்டிவிட்டு
பிறகு அவனும்.
மேடையை விட்டு இறங்கி
நாற்காலிகளுக்கு நடுவே நடந்து வந்தாள்
கிட்டாரின் வயர் இழுத்து நிறுத்தும்வரை.
அங்கிருந்தே கேட்டாள்:
"என் சத்தம் எங்கே?"

ஸ்பீக்கர் பழசு என்று சொல்ல வாயெடுத்தேன்.
"எனக்கு அது வயிற்றில் கேட்கும்.
இன்றைக்கு வயிறு சும்மா இருக்கிறது."
பிறகு எட்டிப் பார்த்தாள்.
"ஏழு. ஏழு கீழே கிடக்கிறது."

அரங்கில் இருமல்கூட இல்லை.
ஏற்றினேன்.

தப்புச் சுரங்கள் வந்தன, எண்ணினேன், ஐந்து.
காப்பிக் கோப்பை மேசை விளிம்பை நோக்கி
நடுங்கி நடுங்கி நகர்ந்தது.
கம்பளிக் குல்லாய்க்காரர் ஒருவர்
காதைப் பொத்திக்கொண்டு வெளியேறினார்.
எய்வின்ட் மைக்கில் சொன்னான்,
"நன்றி. உங்களுக்குக் கேட்டிருக்கிறது."

முடிவில் கைதட்டல், முதலில் வந்ததில் பாதிதான்.
நால்வரும் அதை வாங்கிக்கொண்டார்கள்
பாக்கி சில்லறையைச் சரிபார்த்து வாங்குவதுபோல.

போகும்போது சோல்ஃப்ரிட் என் டேப்பை எடுத்து
பல்லால் ஒரு துண்டு கடித்து
ஏழாவது விசையை
உயரத்திலேயே ஒட்டிவிட்டுப் போனாள்.

அடுத்துப் பாடியது தேவாலயக் குழு.
மற்ற விசைகளை வைத்துச் சமாளித்தேன்.